பதவி குறையவில்லை, பணியில் நிறைவு மட்டும் ஏன் குறைந்தது?

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் இடைநிலை மேலாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பிரிவை வேறொரு பிரிவுடன் இணைத்து மறுசீரமைக்கிறார்கள். ஊதியமோ பதவியோ குறையவில்லை. ஆனாலும் முன்பிருந்த மனநிறைவு போய்விட்டது. நான் முடிவெடுத்த மனுக்கள் இப்போது மேலே செல்கின்றன. தாமதமானால் விளக்கம் மட்டும் என்னிடம் கேட்கப்படுகிறது. 'நம் பிரிவு இருக்குமா?' என்று கேட்கும் ஊழியர்களுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. மாற்றத்தை ஏற்காத குறை என்னிடம்தான் உள்ளதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: குறை உங்களிடம் இருப்பதாக நான் கருதவில்லை. உங்கள் கடிதத்தில் மாற்றத்தின் மீதான வெறுப்பு எங்கும் தென்படவில்லை. அதிகாரம் மேலே போய்விட, பொறுப்பு மட்டும் உங்கள் மேசையிலேயே தங்கிவிட்டது என்பதுதான் தெரிகிறது.

ஊதியம், பணிப் பாதுகாப்பு, நிர்வாக விதிகள் போன்றவை சரியாக இல்லாவிட்டால் மனக்குறை பெருகும் என்றும், அவை சரியாக இருந்தால் மனக்குறை தணியுமே தவிர நிறைவு பிறந்துவிடாது என்றும் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் எழுதினார். சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, செய்யும் வேலையின் தன்மை ஆகியவையே நிறைவைத் தருகின்றன என்பது அவர் முடிவு. இந்தப் பாகுபாட்டைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் மறுத்துள்ளனர். ஆயினும் உங்கள் நிலைமையை அது நன்றாகவே விளக்குகிறது.

ஒரு மனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நீங்கள் அதைப் படித்து, குறிப்பெழுதி, ஆணையில் கையொப்பமிட்டீர்கள்; மனுதாரருக்கு என்ன கிடைத்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்தது. இப்போது பரிந்துரையுடன் கணினியில் மேலே அனுப்புவதோடு உங்கள் பங்கு முடிகிறது. முடிவு என்னவாயிற்று என்ற செய்தி திரும்பி வருவதில்லை. வேலையை முழுமையாக முடிப்பது, சுயமாக முடிவெடுப்பது, பலனை அறிவது ஆகிய மூன்றும் ஹேக்மேன், ஓல்டாம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், வேலையில் ஊக்கமும் நிறைவும் தருபவை என்று 1970-களில் வகுத்த ஐந்து பணிக்கூறுகளில் அடங்கும். உங்கள் மறுசீரமைப்பு ஒரே வீச்சில் இம்மூன்றையும் பறித்திருக்கிறது. இலாபக் கணக்கைக் காட்டி மகிழ வழியில்லாத பொதுத்துறை மேலாளருக்கு, மக்களுக்குப் பயன்பட்டோம் என்ற உணர்வே பெரிய ஊதியம் என்பதால், இந்த இழப்பு இரட்டிப்பாக வலிக்கிறது.

நிச்சயமின்மையையும் சிறிதாக எண்ணாதீர்கள். லண்டன் அரசு ஊழியர்களிடையே 1985-இல் தொடங்கிய 'வைட்ஹால் 2' என்ற உடல்நல ஆய்வின்போது, துறைகளுள் ஒன்று தனியார்மயமாகும் நிலை வந்தது. வேலை போவதற்கு முன்பே, என்ன நடக்குமோ என்று காத்திருந்த காலத்திலேயே, அத்துறையினர் தம் உடல்நலம் குன்றியதாகத் தெரிவித்ததை 1995-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே, உங்கள் ஊழியர்களின் கேள்வியை வீண் வதந்தி என்று ஒதுக்காமல், முடிவானது எது, முடிவாகாதது எது, அடுத்த தகவல் எப்போது வரும் என்பதை வாரந்தோறும் ஒரே நாளில் சொல்லுங்கள். புதிதாக ஒன்றும் இல்லாத வாரத்தில் அதையே சொல்லுங்கள்.

மேலதிகாரியிடம் பொதுவாகக் குறைபட்டுக்கொள்வதைவிட, எந்த வகை மனுக்கள் உங்கள் மட்டத்திலேயே முடியலாம், மேலே செல்பவை எத்தனை நாளில் திரும்ப வேண்டும், தாமதத்துக்கு எந்த நிலையில் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். இறுதி ஆணையின் நகல் உங்களுக்கும் வரவேண்டும் என்று அதில் தவறாமல் கேளுங்கள். முதலில் மீட்க வேண்டியது அதுதான்; அதைக் கொடுப்பதில் மேலிடத்துக்கும் இழப்பில்லை.

கேள்வி: மறுசீரமைப்பின் நடுவே மேலாளர்களின் மனநிறைவை அறியக் கருத்துக்கணிப்பு நடத்தலாமா?
— ஒரு துறைத் தலைவர்

பதில்: முடிவுகளின்மீது நடவடிக்கை எடுக்கும் எண்ணம் இருந்தால் நடத்துங்கள், இல்லையெனில் வேண்டாம். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, கேட்காமல் இருப்பதைவிட அதிகக் கசப்பை வளர்க்கும். மேலாளர்களின் பதில்களை ஊழியர்களின் பதில்களோடு சேர்த்துச் சராசரி காணாதீர்கள். இருதரப்புக்கும் நடுவில் நிற்பவர்களின் சுமை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். ஒரு பிரிவில் இரண்டு, மூன்று மேலாளர்களே இருந்தால் பெயரில்லாத படிவமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே படிவத்தை விட்டுவிட்டு, நேரில் அமர்ந்து பேசுங்கள்.