வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் “ஒரு ராத்திரி பற்றி எரிந்தால் போதும்” என்று சொல்லும் உறவினரிடம் என்ன பேசுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் இருக்கிறீர்கள். உங்கள் அத்தான் 2021இல் வாங்கிய வீட்டுக் கடனில், அதாவது நம் பேச்சில் பாண்டில், ஐந்து மாதத் தவணை நின்றுவிட்டது. வங்கியிடமிருந்து தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவுக் கடிதம், அதாவது வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய தவணை நிலுவை அறிவிப்பு, வந்திருக்கிறது. போன ஞாயிறு சாப்பாட்டின்போது அவர், 2008இல் அமெரிக்காவில் வீடிழக்க இருந்தவர்கள் சிலர் செய்ததைப் போல ஒரு ராத்திரி வயர் எரிந்தால் இன்சூரன்ஸ் பணத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது வேடிக்கையா, உள்ளே இருக்கும் எண்ணமா என்று கேட்கிறீர்கள்.

வேடிக்கை என்று விட்டுவிடாதீர்கள். 1998இல் அதே பேச்சைச் சிரித்துக்கொண்டே பேசியவன் நான்.

அப்போது நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்தோம். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் டர்பனின் பல மூலைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நம் குடும்பங்களுக்காக 1960களில் மாநகராட்சி கட்டிய, நடுச்சுவர் ஒன்றையே இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளில் ஒன்றை, முன்பிருந்தவரிடமிருந்து 90,000 ரேண்ட் பாண்ட் போட்டு வாங்கியிருந்தேன். நான் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவிலும், மனைவி அதே இடத்தில் தையல் மெஷினிலும் இருந்தோம். இறக்குமதித் தீர்வை குறைக்கப்பட்டு வெளிநாட்டுத் துணி வந்து குவியத் தொடங்கிய காலம் அது. முதலில் வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 25.5 சதவீதத்தைத் தொட்டது. அந்த விகிதத்தில் 90,000 ரேண்டுக்கு வட்டி மட்டுமே மாதம் 1,900ஐத் தாண்டும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கிக் கடிதங்களை நான் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். சமையலறை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவேன். அந்த இழுப்பறை நிறைந்துகொண்டே வந்த மாதங்களில்தான் தீ என்ற எண்ணம் வந்தது. அதுவும் ஒரே நாளில் வரவில்லை, முதலில் வேடிக்கையாக, பிறகு கணக்காக, கடைசியில் ஏற்பாடாக வந்தது. அம்மாவின் பித்தளை விளக்கையும் அப்பாவின் படத்தையும் முன்கூட்டியே தங்கை வீட்டில் வைத்துவிட வேண்டும் என்று யோசித்த அளவுக்குப் போய்விட்டேன். தீ விபத்துகளை விசாரிப்பவர்கள் முதலில் தேடுவதே வீட்டில் எது இருந்திருக்க வேண்டும், எது இல்லை என்பதைத்தான் என்று ஓர் இன்சூரன்ஸ் தரகர் பல ஆண்டுகள் கழித்து எனக்குச் சொன்னார்: கல்யாண ஆல்பமும் பள்ளிச் சான்றிதழும் சாமி விளக்கும் மட்டும் தப்பித்த வீடு அவர்களிடம் தானாகவே பேசிவிடுமாம். பெட்ரோல் எரிந்து தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. தரை விரிசலுக்குள் இறங்கிய மிச்சத்தை ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். தவணை எத்தனை மாதம் நின்றிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வகமே தேவையில்லை.

என்னை நிறுத்தியது நல்ல புத்தி என்று சொன்னால் அது பொய்யாகும். எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பதற்காகத்தான் கட்டடக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அதில் வங்கியின் உரிமை பதிவாகியிருந்தது, அதாவது பணம் வந்தால் முதலில் வங்கிக்குத்தான் போகும். ரொக்கம் கொடுப்பதா, வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையும் நிறுவனத்திடமே இருந்தது. மோசடி என்று தெரிந்தால் எதுவும் கிடைக்காது என்ற வரியும் இருந்தது. பிரீமியம் பாண்ட் தவணையோடு சேர்த்தே என் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு வந்ததால், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிய மாதங்களில் காப்பீடு உயிரோடு இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அன்றிரவு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருமியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவருக்கு ஆஸ்துமா. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்கள் வீட்டு அண்டாவும் அவர் வீட்டு அண்டாவும் ஒரே அடுப்பில்தான் ஏறும். என் கூரைச் சட்டமும் அவர் கூரைச் சட்டமும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருந்தன என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அதை அதுவரை கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை அத்தானுக்குச் சொல்லுங்கள். “என் வீடு, நான் கொளுத்தினால் யாருக்கு என்ன” என்ற வாதம் இந்த நாட்டில் 1921இலேயே தீர்ந்துபோனது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நட்டம் உண்டாக்கும் நோக்கத்தோடு சொந்தக் கட்டடத்தைக் கொளுத்துவதும் தீவைப்புக் குற்றமே என்று மாவ்ரோஸ் வழக்கில் அப்போதைய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குமேல் மோசடிக் குற்றம் தனி. பணம் கைக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை, பொய்யான விண்ணப்பத்தைக் கொடுப்பதே மோசடிக்குப் போதும். 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டப்படி 5,00,000 ரேண்டுக்கு மேற்பட்ட மோசடிக்கு, முதல் குற்றமாக இருந்தாலும், தண்டனையைக் குறைக்கத் தக்க வலுவான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கண்டாலொழிய, குறைந்தது 15 ஆண்டுச் சிறை. இன்று எந்த வீட்டின் காப்பீட்டுத் தொகை அதற்குக் கீழே இருக்கிறது?

அமெரிக்கக் கதையை இங்கே பொருத்துவதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், குடியிருக்கும் வீட்டை வாங்க எடுத்த கடனுக்கு வங்கி வீட்டை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும், மீதிக்கு ஆளைத் துரத்த முடியாது. தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. ஏலத்தில் வந்த தொகை கடனுக்குக் குறைந்தால் அந்த மீதி உங்கள் தலைமேல்தான் நிற்கும். காப்பீடு மறுக்கப்பட்டால் வீடு சாம்பலாகியும் கடன் முழுசாக நிற்கும், கரிந்த மனையை யாரும் நல்ல விலைக்குக் கேட்கவும் மாட்டார்கள்.

2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனில் கிடங்குகள் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், எனக்குத் தெரிந்த ஒருவர், “இந்த வாரம் எது எரிந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று காதோடு சொன்னார். கலவரத்தில் எரிந்ததைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது, அதற்கென்று 1979இல் உருவாக்கப்பட்ட சாஸ்ரியா என்ற அரசு நிறுவனம்தான் ஏற்கும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்தக் கலவரத்துக்காகச் சாஸ்ரியா ஏறக்குறைய 3,200 கோடி ரேண்ட் கொடுக்க நேர்ந்தது. அவர் எதையும் கொளுத்தவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த எண்ணம் எப்போதும் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டே இருக்கும் என்பதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் அத்தானிடம் சொல்லலாம், அவரும் தலையாட்டுவார், ஆனால் எண்ணம் போகாது. ஏனென்றால் என் அனுபவத்தில் அந்த எண்ணம் பணத்துக்காக வருவதே இல்லை. ஏலம் போகும் வீட்டின் விளம்பரம் அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வரும், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ஷெரிப் கேட் அருகில் வந்து நிற்பார், கோயிலில் பின்வரிசையில் இருப்பவர்கள் குசுகுசுப்பார்கள். தீயில் போன வீட்டுக்கோ துக்கம் விசாரிக்க வருவார்கள், பாத்திரமும் போர்வையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏலத்தில் போனால் மானக்கேடு, தீயில் போனால் விதி. நான் தேடியது இன்சூரன்ஸ் பணத்தைவிட அந்த விதி என்ற சொல்லைத்தான் என்று இன்று நினைக்கிறேன். ஆகவே அவரிடம் தண்டனையைப் பேசுவதற்கு முன்பு, தலைகுனியாமல் வெளியே வர வழி இருக்கிறது என்பதைப் பேசுங்கள். முதலில் அவரைக் குறை சொல்லாதீர்கள். 2021இன் பெரும்பகுதியில் பிரைம் வட்டி 7 சதவீதம், 2023 மே மாதத்தில் 11.75. இருபது ஆண்டுத் தவணைக்கு 9,00,000 ரேண்ட் கடன் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 6,980 கட்டிய இடத்தில் அப்போது 9,750 கட்ட வேண்டி வந்தது. சம்பளம் அப்படியா ஏறியது?

1998இல் எனக்கு இல்லாத பல பாதுகாப்புகள் அவருக்கு இருக்கின்றன. அதே 1998இல் மேற்குக் கேப்பின் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரில் ஒரு பெண் 250 ரேண்ட் கடன் வாங்கினார். அது பெருகி, அவருடைய வீடே ஏலம் போனது. அவர் தொடுத்த ஜாஃப்தா வழக்கில் 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம், ஒருவருடைய வீட்டை ஏலத்துக்கு விடுவதற்கு நீதிபதியின் பார்வை வேண்டும் என்று தீர்த்தது. வங்கிப் பாண்டுக்கும் அது பொருந்தும் என்பது 2011இல் குந்த்வானா வழக்கில் உறுதியானது. 2017 டிசம்பர் முதல் உயர்நீதிமன்றங்களின் 46ஏ விதிப்படி, வீட்டை விற்காமலே கடனைத் தீர்க்க வேறு வழி உண்டா, குறைந்தபட்ச ஏல விலை வைக்க வேண்டுமா என்பதையும் நீதிபதி ஆராய வேண்டும். ஏலம் முடிந்த பிறகும், தனி நீதிமன்ற ஆணை இல்லாமல் குடும்பத்தை வெளியே தள்ள முடியாது.

129ஆம் பிரிவுக் கடிதம் வந்திருக்கிறது என்றால் வீடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. தவணை தவறி 20 வேலை நாட்களும், கடிதம் சேர்ப்பித்து 10 வேலை நாட்களும் கழியாமல் வங்கி நீதிமன்றப் படி ஏற முடியாது. அந்த இடைவெளியில் தேசியக் கடன் ஒழுங்காற்றகத்தில் பதிவுபெற்ற கடன் ஆலோசகர் ஒருவரிடம் போய், தவணைகளை வருமானத்துக்கேற்பத் திருத்தியமைக்கும் கடன் மறுசீராய்வுக்கு விண்ணப்பிக்கலாம். வங்கி நீதிமன்ற நடவடிக்கையைத் தொடங்கிவிட்டால் அந்தக் கடனை அதில் சேர்க்க முடியாது, அதனால்தான் நாள் எண்ண வேண்டியிருக்கிறது. இன்னொன்று: ஒப்பந்தம் ரத்தாவதற்கும் ஏலம் நடப்பதற்கும் முன்னால், நின்றுபோன தவணைகளையும் உரிய செலவுகளையும் மட்டும் கட்டினால் பழைய ஒப்பந்தம் மீண்டும் உயிர் பெறும், முழுக் கடனையும் கட்ட வேண்டியதில்லை. 2016இல் ந்காட்டா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், இதற்கு வங்கியின் சம்மதமோ அறிவிப்போ தேவையில்லை, கட்டியவுடன் சட்டமே அதைச் செய்துவிடும் என்றது. அத்தானுக்கு வேலை வழியில் ஓய்வூதிய நிதி இருந்தால், 2024 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும், ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கவிடும் இரு பானைத் திட்டத்தில் சேமிப்புப் பானையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். வரி பிடிப்பார்கள், முதுமைக்கான பணமும் குறையும். சாதாரண நாளில் நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால் விற்றுவிடுவதே மேல். நாங்கள் அதைத்தான் செய்தோம். பெரிய வங்கிகளில் தவணை தவறியவர்கள் ஏலத்துக்கு முன்பே சந்தையில் தாமே விற்க உதவும் திட்டங்கள் இன்று இருக்கின்றன. அன்று எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வீட்டு முன்னால் நானே பலகை நட்டேன். வாங்கியவர் கொடுத்ததில் பாண்ட் போக மிஞ்சியது கொஞ்சம், அதில் ஓர் உறவினர் வீட்டுப் பின்புற அறைக்கு எட்டு மாத வாடகை கட்டினோம். பலகை நட்ட அன்று எனக்கு இருந்த கூச்சம் மூன்று நாளில் போய்விட்டது. விலை கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் இழுப்பறையும் அப்படித்தான் நிறைந்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தச் சனிக்கிழமை நீங்களும் அக்காவும் அவரோடு உட்காருங்கள். பிரிக்காத உறைகளை எல்லாம் மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றையும் பிரித்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். சொற்பொழிவு வேண்டாம், தீயைப் பற்றி நீங்களாக எடுக்கவும் வேண்டாம். அவர் எடுத்தால் என் கதையைச் சொல்லுங்கள். பிறகு 129ஆம் பிரிவுக் கடிதம் எந்தத் தேதியில் சேர்ப்பிக்கப்பட்டது, அதற்குப் பிறகு நீதிமன்றத்திலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்ற இரண்டை மட்டும் இங்கே எழுதுங்கள், பெயரும் கணக்கு எண்ணும் வேண்டாம். எத்தனை வேலை நாள் மிச்சமிருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறேன்.