லினக்ஸ் இயங்குதள உலகின் பழைய ஆட்கள் இப்படி முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறார்களே, உண்மையிலேயே பகையா?

பெரும்பாலும் இல்லை. 1992-லேயே பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்புப் போட்டே எழுதினார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழுவதையும் ஒரே கட்டியாகச் செய்வது பழைய பாணி என்பது அவர் கட்சி. லினக்ஸை உருவாக்கிய 22 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் பேசிய தொனிக்கு மன்னிப்புக் கேட்டார். கருத்தை மட்டும் விடவில்லை.

நிரல் எழுத உதவும் எடிட்டர்களான விஐ, ஈமேக்ஸ் இரண்டில் எது மேல் என்ற சண்டையெல்லாம் சும்மா வம்பு. "ஈமேக்ஸ் அருமையான இயங்குதளம், நல்ல எடிட்டர்தான் அதில் இல்லை" என்பார்கள். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

"இந்த பேட்ச் (நிரல் திருத்தம்) தான் போட்ட லாக்கை (மற்றவற்றைக் காத்திருக்க வைக்கும் பூட்டை) விடுவிக்கவே இல்லை, குப்பை" என்றால் சரி, திருத்திவிடலாம். எழுதியவரையே திட்டினால் புதியவர் ஓடிவிடுவார். அப்படித் திட்டியதற்காகத்தான் 2018-ல் லினஸ் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார்.