மூடினால் வெளிச்சம் போகிறது, திறந்தால் பூனை வருகிறது

வீட்டுக்குள் ஆமையையும் பூனையையும் சேர்த்து வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் சிவப்புக்காது ஆமையைப் பற்றியவை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட, அமெரிக்காவிலிருந்து வந்த இந்த நீராமையைத்தான் நம் ஊர் மீன் கடைகளில் காசு அளவுக் குட்டியாக விற்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஆமை நான்கு அங்குலம் இருக்கிறது. பூனைக்குப் பயந்து தொட்டியை அக்ரிலிக் தகட்டால் மூடி, வெயில் வரும் ஜன்னலருகே வைத்திருக்கிறோம். காய்ந்த இறால்தான் உணவு. இப்போது ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் வளைகிறது. பூனை எந்நேரமும் எதிரே உட்கார்ந்திருக்கும் பயத்தால் இப்படி ஆகுமா? – வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிறந்து சில மாதமே ஆன குட்டியின் ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம். நான்கு அங்குல ஆமையின் ஓடு நகம்போல் கெட்டியாக இருக்க வேண்டும். உங்கள் ஆமைக்கு எலும்பு கரையும் நோய் தொடங்கியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து கால்சியம் எப்படிக் கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். விளக்கை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

காரணம் அந்தத் தகடும் ஜன்னல் கண்ணாடியும்தான். வெயிலில் உள்ள யுவி-பி கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் உடலில் சேராது. சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யுவி-பியை விடாது. போதாக்குறைக்கு, மூடிய கண்ணாடித் தொட்டியில் நேர் வெயில் விழுந்தால் தண்ணீர் ஆமை தாங்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். இன்றைக்கே ஜன்னலைவிட்டு நகர்த்துங்கள்.

பூனைக்கும் இதில் பங்கு உண்டு. எதிரே அசையும் உருவம் தெரிந்தால் ஆமை கரை ஏறாது, ஏறினாலும் உடனே குதித்துவிடும். கரை ஏறிக் காயாத ஆமைக்கு மேலே எந்த விளக்கு எரிந்தும் பயனில்லை. தொட்டியின் மூன்று பக்கங்களிலும் வெளிப்புறமாக அடர் நிறத் தாளை ஒட்டுங்கள். முன்பக்கத்தில் கரைமேடை உள்ள பகுதியை மட்டும் மறைத்தால் போதும்.

அக்ரிலிக்குக்குப் பதிலாக வலை மூடி செய்யுங்கள். ஒரு அங்குல அலுமினிய ஆங்கிளில் சட்டம், அதன்மேல் அரை அங்குலக் கட்டமுள்ள கால்வனைஸ்டு வெல்டு மெஷ், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குப் பட்டி. ஒரு அங்குலக் கட்டம் வாங்கினால் பூனையின் முன்னங்கால் உள்ளே போய்விடும். கொசுவலையோ நகத்தில் கிழியும், யுவி-பியையும் பெருமளவு தடுக்கும். மூடியைச் சும்மா மேலே வைக்காமல் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இரண்டு கொக்கித் தாழ்ப்பாள் போடுங்கள். நான்கு ஐந்து கிலோப் பூனை குதித்து இறங்கும்போது விழும் அடி அதன் எடையைவிடப் பல மடங்கு. சும்மா வைத்த மூடி வழுக்கி, பூனையோடு தண்ணீருக்குள் போகும். கரைமேடைக்கும் வலைக்கும் இடையே குறைந்தது 20 செ.மீ. இருக்கட்டும். அந்த இடைவெளி பூனை நகத்துக்காகவும், ஆமை வலையைப் பிடித்துத் தொங்காமல் இருக்கவும்.

விளக்கு இரண்டு வேண்டும். ஒன்று டி5 வகை யுவி-பி குழல்விளக்கு, யுவி-பி அளவு 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்தது, ஆமையின் முதுகிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில். இன்னொன்று 50 வாட் ஹாலஜன், கரைமேடையில் 32 முதல் 35 டிகிரி வரும்படி. சித்திரை வெயிலில் அறையே அந்தச் சூட்டை எட்டினால் ஹாலஜனை அணைக்கலாம், யுவி-பியை அணைக்கக் கூடாது. தினம் 10 முதல் 12 மணி நேரம், டைமரில். யுவி-பி குழல் கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோயிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஹாலஜனை கிளிப்பில் மாட்டாதீர்கள். பூனை இருக்கும் வீட்டில் தீ விபத்துக்கு வழி அதுதான். சூடான இடத்தைத் தேடிப் பூனை வரும், கிளிப் நழுவும், எரியும் விளக்கு தரையில் துணிமேல் விழும், அல்லது தண்ணீருக்குள் விழும். சுவரில் பிராக்கெட் அடித்து, பீங்கான் ஹோல்டரோடு சங்கிலியில் தொங்கவிட்டு, விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூடு போடுங்கள். ஒயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருப்பதை எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காய்ந்த இறாலை நிறுத்துங்கள். அது மட்டுமே முழு உணவாகாது. ஆமைத் தீவனக் குருணையை அதன் தலை அளவு, வளரும் வயதில் தினமும். கூடவே செம்பருத்தி இலை, மல்பெரி இலை, துருவிய கேரட். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், வேண்டியபோது அது கடித்துக்கொள்ளும்.

கேள்வி: எவ்வளவு பெரிய தொட்டி வாங்க வேண்டும்? இப்போதைய இரண்டடித் தொட்டியை பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்திருக்கிறோம். பூனை அதன்மேல் தாவுகிறது. – வாசகர், திருச்சி

பதில்: ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். பெண் ஆமை 10 முதல் 12 அங்குலம் வரை வளரும், ஆண் அதைவிடச் சிறியது. 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பனைமரம் வைத்த கிண்ணம் சில மாதத்துக்குக்கூடப் போதாது.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை நிரப்பினால் 255 லிட்டர். முக்கால் பங்கு தண்ணீரே 190 கிலோ, கண்ணாடியும் கல்லும் சேர்த்தால் 240 கிலோவைத் தாண்டும். இரும்பு ஸ்டாண்ட், மட்டமான தரை, தாங்கு சுவரை ஒட்டிய இடம், இந்த மூன்றும் கட்டாயம். இந்த எடையைப் பூனையால் அசைக்க முடியாது. ஸ்டூல்மேல் உள்ள உங்கள் தொட்டியை ஒரே தாவலில் சாய்த்துவிடும். புதியது வரும்வரை அதைத் தரையில் இறக்கி, மூடியைக் கட்டி வையுங்கள்.

எங்களைக் கேட்டால், பூனை இருக்கும் வீட்டுக்குக் கண்ணாடியைவிட 300 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியே நல்லது என்போம். விலை குறைவு, உடையாது, பக்கவாட்டில் ஒன்றும் தெரியாததால் பூனைக்கும் சீக்கிரம் ஆர்வம் போய்விடும். ஆமையை மேலிருந்துதான் பார்க்க முடியும் என்பது ஒன்றே குறை.

ஃபில்டர், தொட்டி நீரைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு எனக் குறிப்பிட்டதாக இருக்கட்டும். ஆமையின் கழிவு மீனுடையதைவிட மிக அதிகம். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். திருச்சியில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. நீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் போதும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையானால் மட்டும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பூனை தன் கிண்ணத்தை விட்டுவிட்டு ஆமைத் தொட்டித் தண்ணீரையே குடிக்கிறது. – வாசகி, கோவை

பதில்: நிறுத்த வேண்டும். நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அது தண்ணீரில் கலக்கும். பூனைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்றும் வராமலே அது கிருமியைச் சுமந்து உங்கள் சமையல் மேடைவரை கொண்டுவரவும் கூடும். குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பரவியதால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டார்கள்.

வலை மூடி இருந்தாலும் நீர் மட்டம் விளிம்பை ஒட்டி இருந்தால் பூனை நக்கிக் குடிக்கும். விளிம்பிலிருந்து 25 செ.மீ. கீழே இறக்குங்கள். பூனைக்கு அகலமான கிண்ணத்தில், சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு இடங்களில் புதுத் தண்ணீர் வையுங்கள். ஃபில்டர் ஓசை கேட்டு ஓடும் நீரைத் தேடி வருகிற பூனையானால் சிறிய நீரூற்றுக் கிண்ணம் வாங்கலாம். தொட்டி வாளியும் ஸ்பாஞ்சும் தனியாக இருக்கட்டும். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம்.

கேள்வி: மாலையில் ஆமையை ஹாலில் நடக்க விடுகிறோம். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இரண்டும் பழகிவிட்டதாகக் கொள்ளலாமா? – வாசகர், மதுரை

பதில்: கூடாது. பூனை பழகவில்லை, இன்னும் தூண்டப்படவில்லை, அவ்வளவே. ஆமை திடீரென்று தலையை நீட்டினாலோ வேகமாக நடந்தாலோ பாய்ச்சல் வந்துவிடும். பூனையின் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி ஊசிமுனைக் காயம் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். அந்தப் பக்கம், பயந்த ஆமை கடித்தால் பூனையின் மூக்கு நுனி பிய்ந்துவிடும்.

பூனையே இல்லாவிட்டாலும் அந்த ஹால் ஆமைக்கு ஆகாது. பூனையின் கழிவுத் தட்டிலிருந்து தரையில் உதிர்ந்த மண்ணை அது விழுங்கும். கட்டியாகும் வகையானால் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். முடி, நூல், ரப்பர் பேண்டு எல்லாம் அதன் வாய்க்குள் போகும். வெயில் காட்ட வேண்டுமானால் மொட்டைமாடியில் காலை வெயிலில், பாதி நிழல் விழும் டப்பில், மேலே வலை போட்டு, பக்கத்திலேயே ஆள் இருந்து இருபது நிமிடம்.

கேள்வி: பூனை கீறி ஆமையின் காலில் ரத்தம் வந்தால் உடனே என்ன செய்வது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சுத்தமான காஸ் துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். நார்மல் சலைனால் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்துத் தடவுங்கள். தொட்டியில் விடாமல், துணி விரித்த உலர்ந்த டப்பில், இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள், எண்ணெய், ஒட்டுப்பசை எதுவும் வேண்டாம். காயம் சிறிதாகத் தெரிவதால் ஒருநாள் பார்க்கலாம் என்று விடுவதுதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. ஊர்வனவற்றில் சீழ் வெளியே வழியாது, உள்ளேயே கட்டியாக உறையும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஒன்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆமைக்கு ஐவர்மெக்டின் கொடுக்கக் கூடாது. பூனை நாய்களின் உண்ணிக்கும் சொறிக்கும் சாதாரணமாகப் போடும் மருந்து இது, ஆமையை முடக்கிக் கொன்றுவிடும். பூனைக்கு அதைத் தடவியிருந்தால் அந்தக் கையோடு ஆமையைத் தொடாதீர்கள்.

கேள்வி: பெண் ஆமை பின்கால்களால் தோண்டிக்கொண்டே இருக்கிறது, சாப்பிடவில்லை. மணல் டப் வைத்தோம், பூனை அதில் மலம் கழிக்கிறது. – வாசகி, சேலம்

பதில்: அதற்கு முட்டையிட இடம் வேண்டும். ஆண் இல்லாமலும் முட்டை வரும். இடம் கிடைக்காமல் அடக்கி வைத்தால் முட்டை உள்ளேயே தங்கிவிடும், அது உயிருக்கு ஆபத்து. மணலும் தோட்ட மண்ணும் சரிபாதி, 20 செ.மீ. ஆழம், பிடித்தால் பிடி நிற்கும் ஈரம். பூனை அசிங்கம் செய்த மண்ணை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். டப்பின்மேல் தாழிட்ட வலை மூடி போட்டு, பூனை நுழையாத அறையில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் முட்டை வராமல் சோர்ந்து கிடந்தால் எக்ஸ்ரே அவசியம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை. பூனை இருப்பதால் வைத்துக்கொள்ள முடியவில்லை. கோயில் குளத்தில் விடலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: நட்சத்திர ஆமை நிலத்தில் வாழ்வது, குளத்தில் விட்டால் மூழ்கி இறக்கும். அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாலாமை, காரையாமை போன்ற நம் நீராமைகளுக்கும் இதே சட்டம்தான். தாமதிக்காமல் மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

சிவப்புக்காது ஆமை வைத்திருப்பவர்களும் அதைக் குளத்திலோ ஏரியிலோ விடக் கூடாது. அங்கே அது நன்றாகவே பிழைத்துக்கொள்ளும், சிக்கலே அதுதான். நம் ஆமைகளுக்குரிய உணவையும் கரையேறும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. வைத்துக்கொள்ள முடியாதவர்கள், பெரிய தொட்டியோடு ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கொடுங்கள். விளக்கு, ஃபில்டர், வலை மூடி எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள், வாங்குபவர் வீட்டில் பூனை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.