பனி விழுந்தால் ரைஃபிள் மக்கர் பண்ணுவது ஏன்?

கேள்வி: எங்க அப்பாரு வேட்டைக்கு வச்சிருந்த ரைஃபிளுங்க. குழல் அளவு 315, இச்சாப்பூர் பேக்டரி. இப்ப பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துல என் பேர்ல இருக்குது. மார்கழி, தை மாசம் விடியக்காலத்துல குதிரையை இழுத்தா 'டிக்'குனு சத்தம் மட்டும் வருது. வெயில் ஏறினப்புறம் அதே தோட்டா வெடிச்சுருது. குளிருக்கு மருந்து நமுத்துப் போகுமுங்களா?
– வாசகர், தாளவாடி

பதில்: மருந்தின் மேல் பழி போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, இருபது டிகிரி போகும் நாடுகளிலும் இதே வகை மருந்துதான் வெடிக்கிறது. தாளவாடிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெயில் ஏறியதும் அதே தோட்டா வெடிக்கிறது என்றால் தோட்டாவில் குறை இல்லை, அடி பலமாக விழவில்லை என்று அர்த்தம். காலையில் அடியைத் தாங்கிப் பிடிப்பது எது? பெரும்பாலும் போல்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும், கைப்பிடியுள்ள இரும்புத் தண்டு) இருக்கும் எண்ணெய்.

என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து வீடுகளில் துப்பாக்கிக்கும் கதவுக் கீலுக்கும் ஒரே எண்ணெய்தான், தேங்காய் எண்ணெய். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். காங்கேயத்தில் பகலில் தண்ணீராக ஓடும் எண்ணெய், தாளவாடியில் விடியக்காலம் வெண்ணெயாக நிற்கும். போல்டுக்குள் ஸ்பிரிங்கைச் சுற்றி அது உறைந்திருந்தால் தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் மெத்தையில் குத்தியது போல வேகம் இழந்துதான் கேப்பைத் (தோட்டாவின் அடியில், அடிபட்டால் பற்றும் சிறு மூடி) தொடும். வெயில் பட்டால் இளகிவிடும், துப்பாக்கியும் 'சரியாகிவிடும்'. அதிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பிடிக்க வைப்பது தனிக் கணக்கு.

தேங்காய் எண்ணெய் போடவில்லை என்றால், தேர்தல் சமயத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கும் முன் துரு பிடிக்காமல் இருக்கக் கெட்டி கிரீஸை அப்பிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அது புளியம்பிசின் மாதிரி ஆகியிருக்கும். வெளியே துடைத்துவிட்டு உள்ளே விட்டுவிடுவதுதான் வழக்கம்.

முதலில், வெடிக்காத தோட்டாவின் அடிப்பக்கக் கேப்பைப் பாருங்கள். பக்கத்தில் வெடித்த ஒரு காலித் தோட்டாவை வைத்து ஒப்பிடுங்கள். குழி ஆழமில்லாமல் தொட்டும் தொடாமலும் இருந்தால் எண்ணெய், பிசின் அல்லது களைத்துப்போன ஸ்பிரிங். குழி ஆழமாக, நடுவில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் அப்போது தோட்டாவைச் சந்தேகியுங்கள். குழியே இல்லை என்றால் சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் தாழ்) பாருங்கள், அது சரியாக இருந்தால் ஃபயரிங் பின்னின் முனை உடைந்திருக்கும்.

இனி சுத்தம். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் விரலை விட்டுத் தடவி, காலி என்று உறுதி செய்த பிறகே எதையும் தொடுங்கள். போல்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, அதன் தலைப்பகுதியை மேல்நோக்கித் திருப்பினால் வெளியே வந்துவிடும். தலையை இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். போல்டின் முன்வாய் வழியாக டர்பன்டைன் எண்ணெயை ஊற்றி, ஐந்து நிமிடம் நிற்க வைத்து, குலுக்கிக் கொட்டுங்கள். கொட்டுவது தெளிவாக வரும் வரை செய்யுங்கள். மூன்று நான்கு முறை பிடிக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் ஆகாது. வாயைக் கீழாக வைத்து ஒரு ராத்திரி உலர விடுங்கள்.

உலர்ந்த பிறகு மறுபடி எண்ணெய் ஊற்றத்தான் கை பரபரக்கும். வேண்டாம். போல்டின் உள்பக்கம் கிட்டத்தட்ட வறண்டே இருக்கலாம். துரு பயம் இருந்தால் திருப்பூர்ப் பக்கம் தையல் மெஷினுக்கு விடும் வெள்ளை எண்ணெயில் ஒரு சொட்டு போதும். எந்த எண்ணெயானாலும் ஒரு சோதனை: ஒரு கரண்டி எடுத்து ராத்திரி வாசலில் வைத்துவிடுங்கள். விடிந்ததும் சாய்த்தால் ஓடாத எண்ணெய் துப்பாக்கிக்கு ஆகாது.

மாட்டும்போது போல்ட் தலையை முழுக்கத் திருகுங்கள். கைப்பிடி அடிவரை இறங்குகிறதா என்றும் பாருங்கள். வழியில் கிரீஸ் கட்டி, கைப்பிடி நூலளவு மேலே நின்றால், பின்னின் வேகத்தில் பாதி அதை இறக்கவே செலவாகிவிடும். அப்போதும் 'டிக்'தான்.

இத்தனைக்கும் பிறகு அடி மெலிதாகவே இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டாமல் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் உரிமப் புத்தகத்தோடு கொடுங்கள். பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது நாலு நாள் வைத்தியம். ஃபயரிங் பின்னின் முனையை மெலிதாக ராவிக் கூராக்குவது அதைவிட மோசம்: கேப்பு கிழிந்து சூடான வாயு கண்ணை நோக்கி வரும். முனை ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே நீட்டினால் போதுமானது. சொந்தக்காரர் ரைஃபிளின் போல்டை வாங்கி மாட்டிப் பார்க்கவும் கூடாது. ஒவ்வொரு போல்டும் அதனதன் குழலுக்கு அளவு பார்த்துப் பொருத்தியது.

ஒரு கண்டிப்பு: 'டிக்' என்றதும் உடனே போல்டைத் திறக்கிறீர்கள் போலிருக்கிறது. தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது 30 விநாடி எண்ணுங்கள், பிறகு திறங்கள். அந்தத் தோட்டாவை மதியம் மறுபடி போட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். சத்தம் 'புஸ்' என்று அமுங்கி வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சரிபார்த்துச் சுட்டுப் பார்க்க இடம் ரைஃபிள் கிளப் சுடுதளம், காட்டோரம் அல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அப்பாரு காலத்து வேட்டை இல்லை. காட்டுப்பன்றி வந்தாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் (குழல் அளவு). மழைக்காலம், குளிர்காலத்தில் இடது குழல் மட்டும் வெடிப்பதில்லை. எஸ்டேட் பங்களாவில் பீரோவில் நிற்க வைத்திருக்கிறோம்.
– வாசகி, வால்பாறை

பதில்: 'நிற்க வைத்திருக்கிறோம்' என்பதில்தான் விடை இருக்கிறது. குழலுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு, வாய் மேலே பார்க்க நிறுத்தினால் அத்தனையும் கீழே இறங்கி, அடிக்கும் விசைகள் இருக்கும் பூட்டுப் பகுதிக்குள் தேங்கும், தூசியோடு சேர்ந்து களியாகும், கட்டையையும் ஊறவைக்கும். எந்தப் பக்கம் அதிகம் தேங்கியதோ அந்தப் பக்கம் சோம்பும். சுடுதளத்தில் இரண்டு தோட்டாவையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இடது குழலே மக்கர் பண்ணினால் தோட்டாவுக்குப் பங்கில்லை. இரண்டு மூன்று நாள் வாய் கீழே பார்க்க, பழைய துணி மேல் நிறுத்துங்கள். எண்ணெய் வடிவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பூட்டைப் பிரித்துக் கழுவுவது கடைக்காரர் வேலை, வீட்டில் வேண்டாம். இனி எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

பனியில் இருந்து கணப்புள்ள அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். உறையை உடனே திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு எடுத்துத் துடையுங்கள். ஈர உறையிலேயே திரும்பச் செருகாதீர்கள்.

கேள்வி: 22 ரைஃபிளில் பயிற்சி செய்கிறேன். குளிர் நாட்களில் முதல் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டாவது அடியில் வெடிக்கிறது.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: சேம்பர் வாயில் மெழுகு சேர்ந்திருக்கும். 22 தோட்டாவின் ஈயக் குண்டில் பூசிய மெழுகு குளிரில் இறுகி வளையமாகக் கட்டிக்கொள்ளும். தோட்டா முழுதாக உட்காராது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதோடு சரி, இரண்டாவது அடிதான் தோட்டாவின் அடி விளிம்பை (22-இல் பற்றவைக்கும் மருந்து அங்கேதான்) நசுக்கும். சேம்பர் பிரஷ்ஷில் சால்வென்ட் நனைத்து நாலைந்து சுற்று சுற்றி, உலர்ந்த துணி விட்டு எடுங்கள். சேம்பர் சுத்தமாக இருந்தும் வெடிக்காத தோட்டா ஒன்றிரண்டு வரும். விளிம்பில் மருந்து பரவாத இடத்தில் ஃபயரிங் பின் விழுந்திருக்கும். 30 விநாடி கழித்து எடுத்துத் தனியே போடுங்கள். காலி 22-இல் குதிரையை இழுத்துப் பழகாதீர்கள். ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பையே குத்திப் பள்ளமாக்கும்.

கேள்வி: தோட்டாவை அடுப்புக்கு மேல் அட்டாலியில் வைத்தால் ஈரம் ஏறாதல்லவா?
– வாசகர், பர்கூர்

பதில்: ஈரம் ஏறாது, ஆனால் தினமும் சூடேறி ஆறினால் மருந்து சீக்கிரம் கெடும். காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில், பூட்டி வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் தடவ வேண்டாம், துரு நீக்கும் ஸ்பிரே கூடவே கூடாது. கேப்பு ஓரமாக ஊடுருவி உள்ளே போய்விடும்.

கேள்வி: கரி மருந்து போட்டு அடிக்கும் நாட்டுத் துப்பாக்கி, உரிமம் இல்லை. பனியில் பற்றவில்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: பற்றாமல் இருப்பதே நல்லது. குழல் பிளந்தால் போவது உங்கள் விரல்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் வைத்தியம் கிடையாது. வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.