தீபாவளிக்கு அக்காவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: மார்ச் மாதம் சென்னைக்குக் குடிவந்தோம். வந்த வாரமே வீட்டு வேலைக்கு ஓர் அக்கா கிடைத்தார். பெருக்கித் துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, தினமும் ஒன்றரை மணி நேரம். சம்பளம் 3,000. தீபாவளி வரும்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாதச் சம்பளம் கொடுப்பதுதான் வழக்கம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. எதிர்வீட்டுக்காரரோ, “500 ரூபாயும் ஸ்வீட் பாக்ஸும் போதும், ரேட்டைக் கெடுக்காதீர்கள்” என்கிறார். எது சரி? பணத்துக்குப் பதில் புடவை எடுத்துக் கொடுக்கலாமா? ஜூனில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று 2,000 முன்பணம் வாங்கினார். அதை இதில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: மாமி சொல்வதுதான் சரி. ஓட்டலில் இலைக்குப் பக்கத்தில் வைக்கும் டிப்ஸாக இதை நினைப்பதால்தான் 500-ஆ 1,000-மா என்ற குழப்பம் வருகிறது. இது வருடத்தின் பதின்மூன்றாவது சம்பளம். 1965-இல் வந்த போனஸ் சட்டத்தில் பின்னாளில் குறைந்தபட்சமாக வைத்தது 8.33 சதவீதம். வருடச் சம்பளத்தை 12-ஆல் வகுத்தால் வருவதும் அதுவேதான், அதாவது ஒரு மாதச் சம்பளம். அந்தச் சட்டம் தொழிற்சாலைகளுக்கும், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் எழுதப்பட்டது. உங்கள் அக்காவுக்கு அது பொருந்தாது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-இல் நலவாரியம் வந்தது. அதில் பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு, போனஸ் கிடையாது. ஆக, போனஸ் என்று ஒன்று அவருக்குக் கிடைப்பதானால் அது நாம் கொடுப்பதுதான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 3,000-த்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 250. எட்டு மாதத்துக்கு 2,000. கணக்குப் பார்த்துக் கொடுப்பதானால் இதற்குக் கீழே போகாதீர்கள். ஆனால் ஆறு மாதம் தாண்டிவிட்டால் முழுச் சம்பளமும் கொடுத்துவிடுவது என்பது என் கட்சி. அந்த 1,000 ரூபாயில் நம் பட்ஜெட்டில் துண்டு விழாது. அங்கே பிள்ளைக்கு ஓர் உடுப்பாவது வந்துவிடும்.

எதிர்வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் அலுவலகத்தில் இந்த வருடம் போனஸ் இல்லை, ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்றால் வாங்கிக்கொண்டு சும்மா வருவாரா?

தொகையைவிட முக்கியமானது, என்றைக்குக் கொடுக்கிறோம் என்பது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து முழுச் சம்பளத்தையும் கொடுத்தேன். எங்கள் வீட்டு அக்கா வாங்கி எண்ணிப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டார். “போன வாரமே குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. பசங்களுக்குத் துணி எடுக்க அஞ்சாயிரம் வட்டிக்கு வாங்கிட்டேன்” என்றார். அதிலும் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 4,500-தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் தள்ளிக் கொடுத்ததால் என் போனஸில் 500 ரூபாய் யாரோ வட்டிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுகிறேன். எவ்வளவு என்பதை அதற்கும் முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அவரும் அதற்கேற்பச் செலவைத் திட்டமிடுவார். அக்கா கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்துமஸுக்கு வேண்டுமா, இப்போதே வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புடவை எடுத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது போனஸ் போக. நான்கு வீட்டில் வேலை செய்பவருக்கு நான்கு வீட்டிலும் புடவை கொடுத்தால், ஒரே மாதிரி நான்கு பாலியஸ்டர் புடவையும் காலிப் பர்ஸுமாகத்தான் அவர் வீட்டுக்குப் போவார். நமக்கு வந்த ஸ்வீட் பாக்ஸில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதையும் கணக்கில் சேர்க்கிற வீடுகள் இருக்கின்றன. அதைப் பற்றி நான் என்ன சொல்ல!

முன்பணத்தை இதில் கழிக்கவே கழிக்காதீர்கள். உங்கள் வீட்டில் 2,000-த்தையும் பிடித்துக்கொண்டால் 1,000-தான் மிஞ்சும். முன்பணம் சம்பளக் கணக்கு. தீபாவளி மாதத்தை விட்டுவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து 500, 500-ஆக நான்கு மாதத்துக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பண்டிகைக்கு முன்னால் செயலி மூலம் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் பதிவு செய்தேன். இரண்டு பேர் வருகிறார்கள். சமையலறையும் இரண்டு பாத்ரூமும், கட்டணம் 4,000. வேலை தொடங்கும் முன்பே செயலியில் ‘டிப்ஸ் சேர்க்கவா?’ என்று கேட்கிறது. சேர்க்க வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேலையைப் பார்க்காமல் எதற்கு டிப்ஸ்? அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இங்கே கட்டாயம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் ஐந்தாறு மணி நேரம் அமிலமும் தூசியுமாகக் கிடப்பவர்களுக்கு, வேலை முடிந்ததும் ஆளுக்கு 100 அல்லது 200 கொடுக்கலாம். ஆளுக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை, சிரித்துப் பேசிக்கொண்டு சமையலறையைப் பார்த்தவர் கையில் 300 ரூபாய் கொடுத்து, “ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க” என்றேன். பாத்ரூமில் முட்டி போட்டு உப்புக்கறையைத் தேய்த்த பையனுக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அடுத்த முறை அவன் வேறொருவரோடு வந்தபோது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

கொடுப்பதற்கு முன் சிம்னியின் வடிகட்டி, குழாயின் அடிப்பாகம், கதவுக்குப் பின்புறம் மூன்றையும் அவர்களை வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள். விட்டுப்போன இடம் இருந்தால் அப்போதே சொன்னால் செய்து கொடுப்பார்கள். எதையாவது உடைத்துவிட்டால் படம் எடுத்து நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். டிப்ஸைக் குறைத்தால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. நடுவில் ஒரு டீ கொடுங்கள். டிப்ஸ் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: போன வருடம் முழுச் சம்பளத்தையும் போனஸாக வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே எங்கள் வீட்டு வேலைக்காரம்மா நின்றுவிட்டார். இந்த வருடம் புது ஆளுக்குப் பாதியைத் தீபாவளிக்கும் மீதியைப் பொங்கலுக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. போனவர் வாங்கியது முடிந்துபோன பன்னிரண்டு மாதத்துக்கான பணம். அதற்கு அவர் வேலை செய்துவிட்டார். நின்றதற்குச் சம்பளமோ, பக்கத்துத் தெருவில் கிடைத்த நல்ல வீடோ காரணமாக இருக்கும். முதலில், அவருக்குக் கடைசியாக எந்த வருடம் சம்பளம் ஏற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். புது ஆளுக்குச் சேர வேண்டியதைத் தீபாவளிக்கே கொடுத்துவிடுங்கள்.