நூலக அறிவியல் படிக்கட்டும், ஆனால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்

‘கூகுளும் ஏஐயும் வந்தாச்சு, இனி நூலகத்துக்கு யார் போகப்போகிறார்கள், என் மகளோ நூலக அறிவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம்தான் அம்மா. புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் தேதி முத்திரை குத்துவதுதான் வேலை என்றால் நானே வேண்டாம் என்பேன், அதைத் தானியங்கி இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆனால் நூலகத்தின் வேலையே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ‘ஓடி’ நூலகத்தில் புத்தக அடுக்குகள் மேல் தளத்தில். நடுத்தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, ஒலிப்பதிவு அறை. சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இலேயே ஒரு சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தது, காரணம் வீடில்லாதவர்கள் பகலில் ஒதுங்க அங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள். எல்லா ஊர் நூலகமும் ஓடி மாதிரி ஆகிவிடாது, அதற்குப் பணம் வேண்டும். போகிற திசை மட்டும் அதுதான்.

மின்னூல் வந்ததால் நூலகர் தேவையில்லை என்பார்கள். எனக்கென்னவோ தலைகீழாகத்தான் படுகிறது. அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் கிழியும்வரை நூலகத்தின் சொத்து. மின்னூலுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் உரிமம் மட்டும். 2011இல் ஹார்பர்காலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூல் 26 முறை இரவல் போனதும் மறுபடி பணம் கட்டு என்றது. இந்த நிபந்தனைகளைப் படித்து, பேரம் பேசி, இருக்கிற நிதிக்குள் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டாமா?

அப்புறம் மேசைக்கு முன்னால் நடப்பது. ஒருவர் வந்து ‘உடம்பு பற்றிப் புத்தகம் இருக்கிறதா’ என்பார். அடுக்கைக் கைகாட்டிவிட்டால் கதை முடிந்தது. உறுத்தாமல் இரண்டு கேள்வி கேட்டால்தான், அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று நேற்றுத்தான் தெரிந்தது, டாக்டர் சொன்னது பாதி புரியவில்லை, என்ன சமைத்துக் கொடுக்கலாம் என்று தேடி வந்திருக்கிறார் என்பது வெளியே வரும். இப்படிக் கேட்டு வாங்குவதை இந்தப் படிப்பில் தனியாகவே சொல்லித்தருகிறார்கள். ஏஐயோ சில சமயம் உலகத்திலேயே இல்லாத புத்தகத்துக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போட்டுக் கொடுத்துவிடுகிறது, அதைக் கையில் எழுதிக்கொண்டு வருபவருக்கும் ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, மகளிடம் கேட்க வேண்டியது: இந்தப் படிப்பு ஏன்? ‘எனக்கு வாசிக்கப் பிடிக்கும், அமைதியாக இருக்கும்’ என்றால் யோசியுங்கள், வேலை நேரத்தில் வாசிக்க நேரமே கிடைக்காது. முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்கப் பேசச் சலிக்காது என்றால் தாராளமாகச் சேருங்கள். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, பல இடங்களில் சம்பளமும் சுமார்தான், மறைக்க விரும்பவில்லை. அதனால் நூலகப் பட்டியலையும் இரவலையும் கவனிக்கும் கோஹா, மின் ஆவணங்களைச் சேமித்துவைக்கும் டிஸ்பேஸ் இரண்டையும் கையோடு பழகட்டும், இரண்டும் இலவச மென்பொருள்கள்தான். தரவை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவளை ஆவணக் காப்பகமும் ஆராய்ச்சி நிறுவனமும்கூட எடுத்துக்கொள்ளும்.

பணம் கட்டுவதற்கு முன் சில வாரம் பக்கத்துப் பொது நூலகத்தில் உதவிக்குப் போகச் சொல்லுங்கள், அடுக்குகளுக்கு நடுவில் அல்ல, விசாரணை மேசையில். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பற்றி மட்டுமே பேசினாள் என்றால் விண்ணப்பத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு என்னிடம் கூட்டிவாருங்கள், பதிப்புத் துறையைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம்.