குறைத்துப் போட்டால் மட்டும்தான் தவறா?

அன்புள்ள ஐயாவுக்கு,

லண்டனில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பள்ளியின் கடைசி ஆண்டான பதின்மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். ஃபார்மசி படிப்பதற்காக நவம்பரில் யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியாக ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். சென்ற வாரம் ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டபோதுதான், வேதியியலில் அவளுடைய பிரெடிக்டட் கிரேட், அதாவது இறுதித் தேர்வில் அவள் எடுப்பாள் என்று பள்ளி கணித்த தரம், சி என்று போயிருப்பது தெரிந்தது. பள்ளி எங்களுக்குத் தந்த தாளில் ஏ என்று இருக்கிறது. தட்டச்சில் நேர்ந்த பிழை என்று பள்ளியும் ஒப்புக்கொண்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது. இது போதாதென்று, உயிரியலுக்கு பி போட்டிருக்கிறார்கள். அவள் ஏ எடுப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஆசிரியைக்கு நம் பிள்ளைகள் என்றாலே ஆகாது. இரண்டு தவறுகளையும் திருத்தும்படி நானே பல்கலைக்கழகங்களுக்கு எழுதலாமா? வழக்கறிஞரைப் பார்க்கலாமா? மகள் இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறாள். நீங்கள் இந்த நாட்டில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி பிரெடிக்டட் கிரேடைப் பற்றியவைதான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் நீங்கள் இரண்டு தவறுகள் என்று சொல்கிறீர்கள். நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்.

அந்த ஒன்று வேதியியல். பிரெடிக்டட் கிரேடை மாணவர் எழுதுவதில்லை. பள்ளிதான் தன்னுடைய பரிந்துரையோடு சேர்த்து யூகாஸுக்கு அனுப்புகிறது. ஆகவே திருத்தமும் பள்ளியிடமிருந்தே போக வேண்டும். தாய் எழுதும் கடிதத்தைச் சேர்க்கை அலுவலகத்தில் மரியாதையாகப் படிப்பார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. சிக்ஸ்த் ஃபார்ம் (கடைசி இரண்டு ஆண்டு வகுப்புகள்) பொறுப்பாளர், பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலில் இருந்து, பள்ளியின் பதிவேட்டில் ஏ என்று இருந்ததையும் அனுப்பும்போது அது சி ஆகிவிட்டதையும் தெளிவாகச் சொல்லி, ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். யூகாஸுக்கும் தெரிவிக்க வேண்டும். மறுத்த பல்கலைக்கழகம் தன் முடிவை மாற்றிக்கொள்ள யூகாஸ் முறையில் இடமிருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை; ஆனால் பள்ளியே பொறுப்பேற்று எழுதினால், படிப்பில் இடம் மீதமிருக்கும் வரை, பெரும்பாலும் மறுபடி பார்ப்பார்கள். ஜனவரியில் வரும் விண்ணப்பக் கெடுவுக்கு முன் இது நடந்துவிட வேண்டும். "பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். எந்த நாளில், யார், யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தகைய பிழைகள் நேர்வதில் வியப்பில்லை. நான் வேலை செய்த பள்ளி ஒன்றில், யாரோ ஒருவர் விரிதாளில் பெயர்கள் இருந்த நிரலை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டு மற்ற நிரல்களை அப்படியே விட்டுவிட்டார். ஒருவருடைய கணிதம் இன்னொருவருடைய பெயருக்கு எதிரே போய் நின்றது. பிரெஞ்சே படிக்காத பையனுக்குப் பிரெஞ்சில் ஏ ஸ்டார் இருந்ததைக் கண்டு ஒரு ஆசிரியை சிரித்ததால்தான் அது அகப்பட்டது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆண்டின் பட்டியல் முழுவதும் அப்படியே போயிருக்கும்.

வழக்கறிஞர் வேண்டாம். காசுக்குக் கேடு. கல்விசார் மதிப்பீட்டுக்குள் நீதிமன்றங்கள் எளிதில் கை வைப்பதில்லை. அவர்கள் கோப்பைத் திறப்பதற்குள் உங்கள் மகள் தேர்வையே எழுதி முடித்திருப்பாள்.

இனி உயிரியல். இதில்தான் எனக்கு உங்கள்மேல் கோபம். ஏ என்று எழுத வேண்டிய இடத்தில் சி என்று எழுதினால் அது பிழை. பி என்று ஒரு ஆசிரியை யோசித்து எழுதியதை நீங்கள் ஏ என்று நம்புவது கருத்து வேறுபாடு. பன்னிரண்டாம் ஆண்டின் இறுதியில் நடந்த உள்தேர்வில் மகள் என்ன எடுத்தாள் என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே எனக்கு விடை ஓரளவு தெரிகிறது. முன்பெல்லாம் பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் ஏஎஸ் தேர்வு இருந்தது. அதன் மதிப்பெண் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. ஆசிரியரின் கையில் வெளியார் திருத்திய சான்று ஒன்று இருந்தது. 2015 முதல் ஏஎஸ் தேர்வை ஏ லெவலில் இருந்து பிரித்த பிறகு, பெரும்பாலான பள்ளிகளில் எஞ்சியிருப்பவை உள்தேர்வும் வகுப்பு வேலையும் ஆசிரியரின் அனுபவமும்தான். இவற்றை வைத்து, அடுத்த கோடையில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை எப்படி எழுதும் என்று செப்டம்பரிலேயே ஓர் எழுத்தில் சொல்லச் சொல்கிறார்கள். எட்டிப் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஊக்கமாக இருக்க வேண்டும், ஆனால் பெற்றோரின் நெருக்கலுக்காகவோ பல்கலைக்கழகம் கேட்கும் தரத்துக்குப் பொருந்துவதற்காகவோ போடக்கூடாது என்பது யூகாஸ் பள்ளிகளுக்குச் சொல்லும் நெறி. நீங்கள் அந்த ஆசிரியையிடம் கேட்கப் போவதும் இந்த நெறியை வைத்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிரெடிக்டட் கிரேடில் தவறு என்று எனக்கு வரும் முறைப்பாடுகள் எல்லாமே குறைத்துப் போட்டதைப் பற்றியவை. "என் பிள்ளைக்குக் கூட்டிப் போட்டுவிட்டார்கள், திருத்தச் சொல்லுங்கள்" என்று இன்றுவரை ஒரு பெற்றோரும் என்னிடம் வந்ததில்லை. ஆனால் கணக்கு நேர் எதிராக இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் ஜில் வைனஸ், 2013 முதல் 2015 வரையிலான விண்ணப்பதாரர்களின் சிறந்த மூன்று ஏ லெவல்களை எடுத்து, பள்ளிகள் கணித்ததையும் பிள்ளைகள் பெற்றதையும் ஒப்பிட்டு 2016-இல் ஓர் அறிக்கை எழுதினார். கணிப்பு அப்படியே பலித்தது 16 விழுக்காட்டினருக்கு மட்டும். 75 விழுக்காட்டினருக்குக் கூட்டிப் போட்டிருந்தார்கள். குறைத்துப் போடப்பட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதாவது, நான்கில் மூன்று வீடுகளில் தவறு நடந்திருக்கிறது. அந்த வீடுகளில் எல்லாம் இனிப்புக் கொடுத்திருப்பார்கள்.

இதில் ஆசிரியர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். தனக்கு முன்னால் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் எந்த ஆசிரியரின் கையும் மேலேதான் போகும். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலத்தில் பார்த்தோம். 2019-இல் ஏ லெவலில் ஏ அல்லது அதற்கு மேல் கிடைத்த தாள்கள் 25.4 விழுக்காடு. தேர்வுகள் நடக்காமல் ஆசிரியர்களே தரமிட்ட 2021-இல் அது 44.8 விழுக்காடு. அதற்கு முந்தைய 2020-இல், ஆசிரியர்கள் அனுப்பிய தரங்களைத் தேர்வுகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்குவால் ஒரு கணக்கீட்டு முறையால் குறைக்கப் பார்த்தது. இங்கிலாந்தில் பத்தில் நான்கு தரங்கள் கீழே இறங்கின. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13-இல் வெளியிட்ட முடிவை 17-ஆம் தேதியே கைவிட நேர்ந்தது. அந்தக் கணக்கீடு அநீதியானது, மறுக்கவில்லை: சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியரின் சொல்லை ஏற்றுக்கொண்டு, பெரிய வகுப்புகளில் படித்த பிள்ளைகளை அவர்களுடைய பள்ளியின் பழைய முடிவுகளோடு கட்டிப்போட்டது. ஆனால் ஆசிரியர்களின் கை மேலே போகிறது என்ற நோய் உண்மை. கொடுத்த மருந்துதான் தவறு.

கூட்டிப் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் இருந்தார், நல்ல மனிதர். மகனுக்கு இயற்பியலில் பி என்று சொன்னதும் வாரம் தவறாமல் பள்ளிக்குப் போய், கெஞ்சி, வாதாடி, கடைசியில் அதை ஏ ஆக்கிக்கொண்டு வந்தார். வெற்றி என்று எல்லோரிடமும் சொன்னார். பொறியியலுக்கு நல்ல பல்கலைக்கழகங்கள் இடம் தந்தன, மூன்று ஏ அல்லது அதற்கு மேல் என்ற நிபந்தனையோடு. முதல் தெரிவுக்கு ஓர் ஏ ஸ்டாரும் இரண்டு ஏயும், அது தவறினால் போக இன்சூரன்ஸாக வைத்துக்கொண்ட இரண்டாம் தெரிவுக்கு மூன்று ஏ. பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ள வேண்டிய இடம் முதல் இடத்துக்கு ஒரு படிதான் கீழே இருந்தது. மகன் எடுத்தது ஒரு ஏ, இரண்டு பி. இயற்பியலில் அந்த ஆசிரியர் முதலில் எழுதிய அதே பி. இரண்டு இடமும் போயின.

முடிவு வந்த அன்று காலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மீதமிருக்கும் இடங்களை நிரப்பும் கிளியரிங்குக்குத் தொலைபேசியில் வரிசையில் காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் தகப்பனே பேசத் தொடங்கினார். மறுமுனையில் இருந்த பெண், "விண்ணப்பித்தவரிடம் கொடுங்கள், நான் அவரோடுதான் பேச முடியும்" என்று மிக மென்மையாகச் சொன்னார். பையன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை வாங்கினான். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்டதற்கு அவனால் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதுவரை அந்தக் கேள்விக்கு அவனுக்காகப் பதில் சொல்லிவந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏ, பி, பி கேட்கும் பல நல்ல படிப்புகளுக்கு அவன் முந்தைய இலையுதிர் காலத்தில் நிதானமாக விண்ணப்பித்திருக்கலாம். அந்த பி என்ற எழுத்து அவனுக்கு வழி காட்ட வந்தது. அதைத் தகப்பன்தான் அழித்தார்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதும் தெரியும். ஒன்றிரண்டு தரம் குறைந்தாலும் பல பல்கலைக்கழகங்கள் ஆகஸ்டில் எடுத்துக்கொள்கின்றன. கூட்டிப் போடப்பட்ட பிள்ளை அப்படி நுழைந்தும்விடுகிறது. நுழையட்டும். ஆனால் எல்லோருக்கும் கூட்டியே வருகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் சேர்க்கை அலுவலர், வரும் எழுத்துகளை மனதுக்குள் ஒரு படி இறக்கித்தான் படிக்கிறார். அப்போது நேர்மையாக பி போட்ட ஆசிரியரின் மாணவி என்ன ஆகிறாள்? கூட்டாத எழுத்தும் கூட்டிய எழுத்துகளோடு சேர்ந்து இறங்குகிறது. உங்கள் மகளுடைய வேதியியல் ஏயும் அந்த அலுவலரின் மேசையில் அதே ஐயத்தோடுதான் படிக்கப்படும்.

தேர்வு முடிவு வந்த பிறகே விண்ணப்பம் என்று ஆக்கிவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காது. 2004-இல் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு அதைத்தான் பரிந்துரைத்தது. 2021-இல் அரசு மறுபடியும் கருத்துக் கேட்டது. 2022 பிப்ரவரியில் வேண்டாம் என்று மூடிவைத்தது. நாட்காட்டியை மாற்றும் தொல்லைக்கு அஞ்சி, ஊகத்தின் மேலேயே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம், உங்கள் மகளின் ஆண்டுக்குள் அது மாறப்போவதில்லை.

"நம் பிள்ளைகள் என்றாலே ஆகாது" என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வறைக்குள்ளிருந்தே சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். வைனஸின் ஆய்வில் மிகத் தெளிவாகப் பாதிக்கப்பட்டவர்கள் இன்னொரு கூட்டம்: ஏழை வீட்டில் இருந்து வந்து மிக நன்றாகப் படிக்கும் பிள்ளைகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேருக்கு அப்படிக் குறைத்துப் போடப்படுவதாக அவர் கணக்கிட்டார். அவர்களுக்காகப் பள்ளிக்கு வந்து ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பெற்றோர்களுக்கு இப்படி ஓர் எழுத்து போவதே தெரியாது. நீங்கள் கேட்கத் தெரிந்தவர். ஆகவே அந்த ஆசிரியையின் மேல் பழி போடும் முன், இரண்டு நேர்மையான கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் தேர்வுகளை வைத்து பி போட்டீர்கள்? ஏ எடுக்க மகள் எந்தப் பகுதியில் முன்னேற வேண்டும்? சாட்சியத்தோடு பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தடுமாறினால் துறைத் தலைவரிடம் போங்கள். அப்போது நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

மகள் பேச மறுக்கிறாள் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உயிரியலில் தனக்கு என்ன வரும் என்று அவள் நினைக்கிறாள் என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. பதினேழு வயதில் ஒருவருக்கு மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது அம்மா. அதுவும் அவள் செய்யாத பிழைக்காக. வீட்டில் எல்லோரும் எழுத்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எதைப் பேசுவாள்? இந்த வாரம் அவளை உயிரியல் பற்றி ஒன்றும் கேட்காமல் விடுங்கள். வேதியியல் பிழையைத் திருத்த பள்ளி எழுதும் மடலை அவளே வாசித்துப் பார்க்கட்டும். அவளுடைய பெயரில் போகும் மடல் அது.

மற்ற நான்கு இடங்களில் இருந்தும் பதில் வந்த பிறகு, இன்சூரன்ஸ் தெரிவை மட்டும் என் சொல் கேட்டுச் செய்யுங்கள். உயிரியலில் பி வந்தாலும் தவறாத ஓர் இடத்தை அதில் வையுங்கள், பெயர் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஐந்தும் மறுத்துவிட்டால் பிப்ரவரி இறுதியில் யூகாஸ் எக்ஸ்ட்ரா திறக்கும். ஒவ்வோர் இடமாக மறுபடி விண்ணப்பிக்கலாம். பள்ளி அனுப்பும் மடலில் அவளுடைய பத்து இலக்க யூகாஸ் எண்ணைத் தலைப்பு வரியிலேயே இடச் சொல்லுங்கள். அது இல்லாத மடல்கள் விடுமுறைக் காலத்தில் தேங்கிக் கிடக்கும்.

அன்புடன்.